பக்கவாதத்துக்குப் பிறகு அப்பாவுக்குப் பேச்சுப் பயிற்சியாளர் தேவை

அப்பாவுக்கு வயது 63. ஊர் மன்னார்குடி. சென்ற தை மாதம் மூளையின் இடப்பக்கத்தில் பக்கவாதம் வந்தது. வலக்கை ஓரளவு தேறிவிட்டது, பேச்சுதான் திரும்பவில்லை. புரோக்கா வகை அஃபேசியா (பிறர் சொல்வது பெரும்பாலும் புரிந்தாலும், சொல்ல நினைக்கும் சொல் வாய்க்கு வராத பேச்சிழப்பு) என்று நரம்பியல் மருத்துவர் எழுதியிருக்கிறார்.

நாம் சொல்வது பெரும்பாலும் அவருக்குப் புரிகிறது. டம்ளரைக் காட்டினால் "அது... அது..." என்று திணறி, கடைசியில் "சாவி" என்கிறார். தவறு என்று அவருக்கே தெரிந்து தொடையில் அடித்துக்கொள்கிறார். ஆனால் ஒன்று முதல் இருபது வரை கடகடவென எண்ணுகிறார்; தேவாரம் எடுத்துக் கொடுத்தால் வரி பிசகாமல் பாடுகிறார். புத்தி பேதலித்துவிட்டது என்று சொல்லும் உறவினர்களை வாசலோடு அனுப்பிவிடுகிறேன்.

இங்கே கிடைத்த பேச்சுப் பயிற்சியாளர் குழந்தைகளிடம் மட்டுமே பழகியவர். 'அ, அணில்' அட்டைகளைக் கொடுத்தார். 40 ஆண்டுகள் மளிகைக் கடை நடத்திய மனிதர் அவற்றைக் கவிழ்த்து வைத்துவிட்டார். கைபேசிச் செயலிகளைப் பார்த்தோம், எல்லாம் ஆங்கிலம். வீட்டிலேயே படங்கள் ஒட்டி ஒரு நோட்டு செய்தோம். சாப்பாடு, மருந்து, கழிப்பறைக்கு அது போதும், அதற்கு மேல் நகரவில்லை. சொற்களை ராகமாக இழுத்துச் சொல்ல வைக்கும் பயிற்சி இவருக்குப் பொருந்தலாம் என்றார் மருத்துவர். அது தெரிந்தவர் அகப்படவில்லை. வாரந்தோறும் சென்னை போய்வர அவர் உடல் இடம் தராது.

தஞ்சாவூர், கும்பகோணம், திருவாரூர் பக்கம் நேரிலோ காணொளி வழியாகவோ, பக்கவாதம் வந்த பெரியவர்களுக்குத் தமிழில் பயிற்சி தரும், இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்ற பேச்சுப் பயிற்சியாளர் யாரையாவது உங்களுக்குத் தெரியுமா?