மதியம் ஆனால் துப்புகிற ஃபஸ் ஃபேஸ்: கோளாறு எங்கே?

ஆறாவது கம்பி:
வணக்கம். கிட்டார் சத்தத்தைக் கரகரப்பாக்குகிற பெடல் ஒன்று, 1966 ஆர்பிட்டர் ஃபஸ் ஃபேஸ் மாதிரி, கட்டியிருக்கிறேன். அதன் இரண்டு டிரான்சிஸ்டரும் ஏசி128, ஜெர்மானியம், பிஎன்பி. மற்றதெல்லாம் பழைய சர்க்யூட்டில் உள்ளபடியே: 33 கிலோ ஓம், 8.2 கிலோ, 470 ஓம், ஃபீட்பேக்குக்கு 100 கிலோ. காலையில் சத்தம் அருமை. மதியம் வெயில் ஏறினால் நோட்டு பாதியிலேயே அறுந்து துப்புகிறது. அப்போது இரண்டாவது டிரான்சிஸ்டரின் கலெக்டர் காலில் 8.1 வோல்ட் காட்டுகிறது. மல்டிமீட்டரில் கெயின் (எத்தனை மடங்கு பெருக்கும் என்பது) பார்த்து, 90 காட்டியதை முதலிலும் 114 காட்டியதை இரண்டாவதிலும் போட்டேன். வயரிங்கைத் திரும்பத் திரும்பப் பார்த்தாயிற்று. அசலில் இருந்த என்கேடி275 டிரான்சிஸ்டரை வாங்கினால்தான் சரியாகுமா?

நீலக்கம்பி:
பிசி108 சிலிக்கான் டிரான்சிஸ்டரைப் போட்டுவிட்டு நிம்மதியாக வாசியுங்கள். சிலிக்கானுக்கு வெயிலும் தெரியாது, மழையும் தெரியாது. ஆனால் அது பிஎன்பிக்கு நேர்மாறான என்பிஎன் என்பதால் பேட்டரியையும் எலக்ட்ரோலிடிக் கெபாசிட்டர்களையும் திருப்பிப் போட வேண்டும்.

ஈயப்புகை:
தம்பி, வயரிங்கை விடுங்கள். காலையில் ஒழுங்காக வேலை செய்கிற வயரிங் மதியம் மட்டும் எப்படித் தப்பாகும்? இது கசிவு. பேஸ் காலில் ஒன்றுமே கொடுக்காவிட்டாலும் ஜெர்மானியத்தில் கலெக்டருக்கும் எமிட்டருக்கும் இடையே கொஞ்சம் கரண்ட் ஓடிக்கொண்டே இருக்கும். சூடு 10 டிகிரி ஏறினால் அது ஏறக்குறைய இரட்டிப்பாகும். சாதாரண மல்டிமீட்டர் இந்தக் கசிவையும் கெயினோடு சேர்த்துத்தான் காட்டும். அந்த 90-ஐ அப்படியே நம்ப முடியாது.

தனியாக அளந்து பாருங்கள். எமிட்டரை 9 வோல்ட் பேட்டரியின் பாசிட்டிவில் கொடுங்கள். கலெக்டரிலிருந்து நெகட்டிவுக்கு 2.4 கிலோ ஓமும் 68 ஓமும் தொடராக. பேஸைத் தொங்கவிட்டு, அந்த இரண்டு ரெசிஸ்டருக்கும் குறுக்கே வோல்ட்டைப் பாருங்கள்: அது கசிவு. அடுத்து பேஸிலிருந்து நெகட்டிவுக்கு 2.2 மெகா ஓம் கொடுத்து இன்னொரு முறை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 100-ஆல் பெருக்கினால் உண்மையான கெயின். அளக்கும்போது டிரான்சிஸ்டரைத் தொடாதீர்கள், விரல் சூட்டுக்கே எண் ஏறிக்கொண்டு போகும். என்கேடி275 பிறகு பார்க்கலாம். அந்த எண்ணை அச்சடித்துப் போலியும் விற்கிறார்கள்.

ஆறாவது கம்பி:
அளந்துவிட்டேன் அண்ணா. முதலாவது: பேஸ் இல்லாமல் 0.52, பேஸோடு 1.21. இரண்டாவது: 0.14, 1.22. விரலால் பிடித்ததும் முதலாவது விறுவிறுவென்று ஏறியது.

ஈயப்புகை:
அப்போ கெயின் 69, 108. கெயினை மட்டும் பார்த்தால் நீங்கள் வைத்த வரிசை சரிதான். குறைந்தது முன்னால், கூடியது பின்னால் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். கசிவைத்தான் யாரும் சொல்வதில்லை. 0.52 வோல்ட் என்றால் சுமார் 210 மைக்ரோ ஆம்பியர். முதல் டிரான்சிஸ்டருக்கு 33 கிலோ ஓம் வழியாக வருகிற மொத்தக் கரண்டே 250 மைக்ரோ ஆம்பியர்தான்! அதில் 210-ஐக் கசிவே தின்றுவிடுகிறது. வெயில் ஏறினால் மிச்சமும் போய்விடும். இரண்டாவதன் பேஸுக்குப் போதிய வோல்ட் கிடைக்காது, அது மூடிக்கொள்ளும், கலெக்டர் 8-க்குப் போகும். துப்பல் அங்கிருந்துதான் வருகிறது.

இரண்டையும் இடம் மாற்றுங்கள். இரண்டாவது இடத்தில் ஓடுவது அரை மில்லி ஆம்பியர், கொஞ்சம் கசிந்தாலும் தாங்கும். 8.2 கிலோ ஓமுக்குப் பதில் 20 கிலோ டிரிம் பாட், அதாவது திருகி மாற்றுகிற ரெசிஸ்டர், வைத்து, கலெக்டரில் 4.5 வோல்ட் வரும்வரை திருகுங்கள். அதன் பிறகு காதை நம்புங்கள். எனக்குப் பிடித்தது 5-க்குப் பக்கம். டிரான்சிஸ்டருக்கு சாக்கெட் வைத்திருக்கிறீர்கள்தானே? நேரடியாகப் பற்றவைப்பதானால் காலில் முதலைக் கிளிப் மாட்டி, சூடு உள்ளே ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நீலக்கம்பி:
இவ்வளவு பாடு எதற்கு என்றுதான் இன்னமும் கேட்கிறேன்.

ஈயப்புகை:
கிட்டாரின் வால்யூமை 10-லிருந்து 6-க்கு இறக்கிப் பாருங்கள். நல்ல ஜெர்மானியம் அப்படியே தெளிந்து, மணி மாதிரி வரும். சிலிக்கானும் தெளியும், ஆனால் கூர்மை காதைக் குத்தும். சில சமயம் ரேடியோவும் சேர்ந்து பாடும்.

ஆறாவது கம்பி:
மாற்றிப் போட்டாயிற்று. டிரிம் பாட்டைத் திருகி 4.7-ல் நிறுத்தினேன். இன்று நல்ல வெயில், மதியம் 5.2 வரை போனது, துப்பல் இல்லை. ஃபஸ் கொஞ்சம் குறைந்த மாதிரி இருக்கிறது. கசிவு குறைந்த இன்னொரு ஏசி128 கிடைத்தால் முதல் இடத்தில் போடுகிறேன். இன்னொரு சந்தேகம்: மற்ற பெடல்களின் அடாப்டரிலேயே இதையும் மாட்டலாமா?

ஈயப்புகை:
கூடாது. இதில் பாசிட்டிவ்தான் கிரவுண்ட். மற்றவற்றில் நெகட்டிவ். ஒரே அடாப்டரில் சேர்த்தால் பேட்ச் கேபிளின் கிரவுண்ட் வழியாக ஷார்ட் ஆகும். தனி பேட்டரி, அதுவும் சாதாரண கார்பன் பேட்டரியே போதும். கரண்ட் இழுப்பது ஒரு மில்லி ஆம்பியருக்கும் குறைவு. வாசித்து முடித்ததும் இன்புட் ஜாக்கைப் பிடுங்கிவிடுங்கள். அப்புறம், இதற்கு முன்னால் பஃபர் (சிக்னலை வலுவாக்கி அனுப்பும் சர்க்யூட்) உள்ள எந்தப் பெடலையும் வைக்காதீர்கள். கிட்டாரிலிருந்து நேராக இதற்குள்தான் வர வேண்டும். இல்லாவிட்டால் வால்யூமை இறக்கினாலும் தெளியாது.