ஸீனோகியர்ஸ் வீடியோ கேம்ல ரெண்டாவது டிஸ்க் கதை பிடிபடல. ஸீனோசாகா இதைவிடக் குழப்புமா?

மொனாடோ_கை:
ஸீனோபிளேட் முதல் பாகத்தை முடிச்ச கையோட, இதே ஆளுங்க முன்னாடி பண்ணதையும் பார்த்துடணும்னு ஸீனோகியர்ஸ்ல இறங்கினேன். முதல் டிஸ்க் அசத்தல். ரெண்டாவது டிஸ்க்லதான் மாட்டிக்கிட்டேன். நாயகன் ஃபே நாற்காலியில உட்கார்ந்து கதை சொல்றான், அப்புறம் நாயகி எல்லி உட்கார்ந்து சொல்றா, நடுவுல ஒரு பாஸ் சண்டை, திரும்ப நாற்காலி. இட் யாருன்னு தெரிஞ்சிடுச்சு, ஃபேயோட இன்னொரு முகம். ஆனா ஏபல், கிம், லக்கான்னு பேரு வந்துக்கிட்டே இருக்கு. லக்கான்தான் ஃபேன்னு சொல்றாங்க, லக்கான்தான் கிராஃப்னும் சொல்றாங்க. அப்ப ஃபேயும் கிராஃபும் எதுக்கு நேருக்கு நேர் சண்டை போடறாங்க? மியாங்னு ஒருத்தி எப்படி எல்லாக் காலத்துலயும் இருக்கா?

இதை யாராவது அவிழ்த்து விடுங்க. இதுவரைக்கும் வந்ததைச் சொன்னா பரவாயில்லை, முடிவை மட்டும் சொல்லிடாதீங்க. இன்னொண்ணு, அடுத்து ஸீனோசாகா மூணு பாகமும் ஆடலாம்னு இருக்கேன். அது இதைவிடத் தலைசுத்துமா?

டிஸ்க்_மாத்து:
ப்ரோ, நாற்காலிக்கு மட்டும் நான் பதில் சொல்றேன். அது கதையோட உத்தி இல்ல, நேரம் பத்தாம போனதோட அடையாளம். குழுவுல புதுசா வந்த இளசுங்க நிறையப் பேர், முப்பரிமாண வேலையும் அப்பதான் பழகுறாங்க. கொடுத்த கெடுவுக்குள்ள முடியல. முதல் டிஸ்க்கோட நிறுத்திக்கலாம்னு பேச்சு வந்தப்ப, மீதியைச் சுருக்கியாவது சொல்லிடறேன்னு இயக்குநர் டெட்சுயா தகாஹாஷி கேட்டு வாங்கினதுதான் ரெண்டாவது டிஸ்க். நீங்களே நடந்து போய்க் கண்டுபிடிச்சிருக்க வேண்டிய விஷயத்தையெல்லாம் ரெண்டு வரியில சொல்லிட்டுப் போறாங்க. 1998ல ஆடினவங்களும் இதே இடத்துலதான் முழிச்சாங்க.

நிசான்_ஓவியம்:
நண்பரே, இந்தக் கதையில் இரண்டு வேறு சங்கதிகள் பின்னிக் கிடக்கின்றன. ஒன்று மறுபிறவி, இன்னொன்று கூடு விட்டுக் கூடு பாய்வது. இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துவிட்டால் முடிச்சு முக்கால்வாசி அவிழ்ந்துவிடும்.

மறுபிறவி ஃபேக்கு. பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன் எல்ட்ரிட்ஜ் என்ற விண்கப்பல் விழுந்தபோது தப்பிய சிறுவன் ஏபல். நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன் செபோயிம் நாகரிகத்தில் அவனே கிம். ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் லக்கான். இப்போது ஃபே. ஒவ்வொரு முறையும் எல்லியும் கூடவே பிறக்கிறாள், அவனுக்காகவே சாகிறாள். லக்கான் காலத்தில் அவள் பெயர் சோஃபியா.

கூடு பாய்வது கிராஃப். சோஃபியாவைப் பறிகொடுத்த லக்கான் வலிமை தேடி, அளவற்ற ஆற்றல் தரும் ஸோஹார் என்ற கருவியிடம் போகிறான். அந்தத் தொடர்பு அரைகுறையாக நின்றுபோக, அவன் கிராஃபாக மாறி உலகத்தையே அழிக்கப் புறப்படுகிறான். உடல் அழிந்த பிறகும் அந்த மனம் மட்டும் அழியாமல் அடுத்தவர் உடல்களில் குடியேறி ஐந்நூறு ஆண்டுகளாக நடமாடுகிறது. ஆக, லக்கானின் ஒரு பாதி இறந்து ஃபேயாகப் பிறந்தது, மறுபாதி இறக்கவே இல்லை. தன் மீதியைத் தேடித்தான் கிராஃப் ஃபேயைத் துரத்துகிறான்.

மியாங் இந்த இரண்டிலும் சேராத மூன்றாவது வகை. பெண்களுக்குள் உறங்கிக் கிடப்பவள். இப்போதைய மியாங் இறந்தால் வேறொரு பெண்ணுக்குள் விழித்துக்கொள்வாள். ஃபேயின் தாய் கேரனுக்குள் அப்படி விழித்தபோதுதான் அந்தக் கொடுமையான சோதனைகள் நடந்தன. அதைத் தாங்க முடியாமல் பிளந்த குழந்தை மனத்தில் பிறந்தவன் இட்.

ஒரு விஷயத்தைப் பழைய சேவ் இருந்தால் போய்ப் பாருங்கள். நிசான் நகரில் சோஃபியாவின் ஓவியம் ஒன்று மாட்டியிருக்கும். முகம் அப்படியே எல்லி. ஓவியம் முடிக்கப்படாமல் நிற்கும், வரைந்தவன் லக்கான். ஆட்டத்தின் தொடக்கத்தில் லஹான் கிராமத்தில் ஃபே என்ன செய்துகொண்டிருந்தான்? தூரிகையோடு நின்றிருந்தான். முதல் டிஸ்க்கிலேயே விடையைச் சுவரில் மாட்டிவைத்துவிட்டார்கள். இப்படி விதைத்துவைத்த கதைக்கு அறுவடை செய்ய நேரம் கிடைக்காமல் போனதே என்று எனக்கு இன்றைக்கும் ஆற்றாமைதான்.

மொனாடோ_கை:
அந்த ஓவியத்தைப் பார்த்தேன், எல்லி ஜாடைன்னு மட்டும் நினைச்சுத் தாண்டிட்டேன்! மறுபிறவி வேற, கூடு பாயறது வேறன்னு பிரிச்சதும் பளிச்சுன்னு ஆயிடுச்சு. ரொம்ப நன்றிங்க. ஸீனோசாகா பத்தி யாராவது?

கோஸ்மோஸ்_கண்:
நான் சொல்றேன். அது இதைவிடக் குழப்பும், ஆனா வேற மாதிரி. ஸீனோகியர்ஸ்ல யார் யாருன்னு குழம்புவீங்க. ஸீனோசாகால எது என்னன்னு குழம்புவீங்க. 2002ல வந்த முதல் பாகம் ஆரம்பிச்ச உடனே நோசிஸ், ரியலியன், ஹில்பர்ட் விளைவு, யூ-டிக் அமைப்புன்னு வரிசையா வந்து விழும். பேசறவங்களுக்கு எல்லாம் தெரியும், அதனால யாரும் நின்னு விளக்க மாட்டாங்க. கட்சீனும் (நடுவுல ஓடற படக்காட்சி) நீளம்.

பெரிய சிக்கல் என்னன்னா, ஆறு பாகத்துக்குத் திட்டம் போட்டு மூணோட நிறுத்தினாங்க. ரெண்டாவது பாகத்துக்கும் 2006ல வந்த மூணாவதுக்கும் நடுவுல ஒரு வருஷக் கதை ஆட்டத்துலயே கிடையாது. இணையத்துல தனியா அனிமேஷனா விட்டாங்க. அதைப் பார்க்காம மூணாவதை ஆரம்பிச்சா, கதாநாயகி ஷியான் ஏன் வெக்டர் நிறுவனத்தை விட்டு வந்துட்டாள்னு புரியாது. ஸீனோகியர்ஸ்ல அவசரமா சொன்னாலும் பதில் உள்ளேயே இருக்கு. இங்க பதில் சிலது வெளியே கிடக்கு. அதனாலதான் இதை அதிகக் குழப்பம்னு சொல்றேன்.

ஆனா விட்டுடாதீங்க. ஆல்பிடோ, ஜூனியர் சகோதரர்கள் கதை ஒண்ணுக்காகவே ஆடலாம். எத்தனை வெட்டினாலும் திரும்ப வளர்ற உடம்பு ஆல்பிடோவுக்கு. சின்ன வயசுல, தன் சகோதரனுக்கு அது கிடையாது, அவன் ஒருநாள் செத்துருவான், தான் மட்டும் தனியா மிஞ்சுவோம்னு அவனுக்குத் தெரியற காட்சி ஒண்ணு இருக்கு. அதைப் புரிஞ்சுக்க எந்தக் கலைச்சொல்லும் வேண்டாம்.

டிஸ்க்_மாத்து:
எனக்கு ஒரு மாற்றுக் கருத்து. ஸீனோபிளேட் முதல் பாகம் ஏற்கெனவே முடிச்சிருக்கார், அந்தச் சூடு ஆறுறதுக்குள்ள ரெண்டாவதை ஆடட்டும். அதோட கடைசிப் பகுதி முதல் பாகத்தோட முடிவு நடக்கிற அதே வேளையில நடக்குது. விஞ்ஞானி கிளாஸ் பண்ண பரிசோதனையோட இன்னொரு பாதி அங்கதான் இருக்கு. இடைவெளி விட்டா அந்த அதிர்ச்சி பாதியா குறைஞ்சிடும். மூணாவதுல உலகம் எப்படி உருவாச்சுங்கிறது கடைசிவரை கொஞ்சம் மங்கலாத்தான் இருக்கும். ஆனா பத்தே வருஷ ஆயுசு, எதிரியைக் கொன்னாதான் நிரம்பற தீக்கடிகாரம், இது ரெண்டும் ஆரம்பத்துலயே புரிஞ்சிடும். அதைப் பிடிச்சுக்கிட்டே முழுக் கதையும் போயிடலாம். மூணு வரிசையில குழப்பம் குறைச்சல் ஸீனோபிளேட்தான்.

மொனாடோ_கை:
ஸோஹார் ஸீனோசாகாலயும் வருதாமே? அப்ப அது ஸீனோகியர்ஸோட முன்கதையா?

நிசான்_ஓவியம்:
இல்லை. ஸீனோகியர்ஸ் ஸ்கொயர் வெளியிட்டது, ஸீனோசாகா நாம்கோ, ஸீனோபிளேட் நின்டெண்டோ. தகாஹாஷி தன் எண்ணங்களை ஒவ்வொரு இடத்துக்கும் தூக்கிக்கொண்டு போனார். அதனால் பெயர்களும் பொருள்களும் திரும்ப வரும், நிகழ்ச்சிகள் தொடராது. ஸீனோபிளேட் மூன்றாம் பாகத்தின் கூடுதல் கதையாக 2023இல் வந்த ஃபியூச்சர் ரிடீம்டில் ஒரு வானொலிச் செய்தியில் ஸீனோசாகாப் பெயர்கள் காதில் விழும். அதை வைத்து மூன்றையும் ஒரே காலக்கோட்டில் கோக்கப் பார்த்தால், இப்போது அவிழ்த்ததெல்லாம் மறுபடி சிக்கிக்கொள்ளும்.

மொனாடோ_கை:
சரிங்க, ஸீனோகியர்ஸை முடிச்சிட்டு ஸீனோபிளேட் 2, அப்புறம் ஸீனோசாகா. அந்த இடைவருஷ அனிமேஷனை ரெண்டாவது பாகம் முடிச்ச உடனே பார்க்கணுமா?

கோஸ்மோஸ்_கண்:
ஆமா, மூணாவதை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே பார்த்துடுங்க. மூணாவதுல சொல்லகராதி மாதிரி ஒரு தகவல் தொகுப்பு மெனுவுலயே இருக்கு. புதுப் பேரு வரும்போதெல்லாம் அதைத் திறந்து படிச்சிட்டு நகருங்க.