'நெவர் எண்டிங் ஸ்டோரி' நாவல்: 13-ஆம் அத்தியாயத்துக்கு மேல் எப்படிப் படிப்பது?

தாள்புரட்டி:

மிகாயேல் எண்டே எழுதிய 'நெவர் எண்டிங் ஸ்டோரி', ரால்ஃப் மேன்ஹைமின் ஆங்கில மொழிபெயர்ப்பு, மின்நூல் வடிவம். 12 அத்தியாயம் முடிந்தது. அதுவரை அத்ரேயு என்ற சிறுவனின் பயணம், நோயில் கிடக்கும் பேரரசி, ஊர் ஊராக விழுங்கிக்கொண்டு வரும் சூன்யம் என்று கதை விறுவிறுவென்று ஓடியது. படித்துக்கொண்டிருந்த பையன் பாஸ்டியனே 13-ல் கதைக்குள் போனதும் ஓட்டம் படுத்துவிட்டது. துண்டு துண்டாகச் சம்பவங்கள். பையனும் வரவர எரிச்சலூட்டுகிறான்.

கேட்க வேண்டியவை: முதல் பக்கத்தில் எழுத்துகள் இடவலம் மாறிக் கிடக்கின்றன, கோப்பில் கோளாறா? நிஜ உலகம் எங்கே முடிகிறது, கற்பனை உலகம் எங்கே தொடங்குகிறது என்று பல இடங்களில் பிடிபடவில்லை, எல்லாம் ஒரே கறுப்பு எழுத்து. இரண்டாம் பாதியைப் படிக்க ஏதாவது வழி உண்டா, இல்லை விட்டுவிடலாமா? 11 வயதுப் பிள்ளைக்கு வாசித்துக் காட்ட ஏற்றதா?

அச்சுக்கோப்பவன்:

முதல் கேள்விக்கு: கோளாறு இல்லை. அது பழைய புத்தகக் கடையின் கண்ணாடிக் கதவில் எழுதியிருக்கும் பெயர்ப்பலகை. கடைக்குள் இருந்து பார்ப்பவருக்கு எப்படித் தெரியுமோ அப்படி அச்சிட்டிருக்கிறார்கள். அதாவது முதல் வரியிலேயே வாசகரைக் கடைக்குள் நிற்க வைத்துவிட்டார்கள். அந்தப் பலகையை மறக்க வேண்டாம், 12-ஆம் அத்தியாயத்தில் அலைமலைக் கிழவர் எழுதத் தொடங்கும்போது அதே எழுத்துகள் திரும்ப வருகின்றன. கவனிக்காமல் கடந்திருந்தால் போய்ப் பாருங்கள்.

இரண்டாவது கேள்விதான் பெரிய விஷயம். 1979-ல் வந்த ஜெர்மன் மூலம் இரண்டு மையில் அச்சானது. மனித உலகம் சிவப்பு, ஃபண்டாஸ்டிகா என்ற கற்பனை உலகம் பச்சை. கதைக்குள் பாஸ்டியன் திருடிக்கொண்டு போகும் புத்தகமும் இரண்டு நிற அச்சுதான், ஆக நம் கையில் இருப்பதும் அதே புத்தகம் என்பது விளையாட்டு. 1983-ல் வந்த ஆங்கிலக் கெட்டி அட்டைப் பதிப்பும் இரண்டு நிறம். பின்னால் வந்த மலிவுப் பதிப்புகள் பலவற்றில் நிறத்தை எடுத்துவிட்டு, மனித உலகப் பகுதியைச் சாய்வெழுத்தில் போட்டார்கள்.

மின்நூலில் அந்தச் சாய்வெழுத்தும் காணாமல் போக இரண்டு காரணம் உண்டு. ஒன்று, படிக்கும் செயலியில் நீங்கள் வேறு எழுத்துரு தேர்ந்திருப்பது. சில எழுத்துருக்களில் சாய்வு வடிவமே இருக்காது. அமைப்புகளில் 'பதிப்பாளர் எழுத்துரு' என்பதற்கு மாற்றிப் பாருங்கள். இன்னொன்று, கோப்பு நிறத்தோடு வந்திருந்தாலும் மின்மை (e-ink) திரையில் சிவப்பும் பச்சையும் ஏறக்குறைய ஒரே சாம்பலாகத் தெரியும், இரவுப் பின்னணி போட்டால் சில செயலிகள் நிறத்தையே கழற்றிவிடும். அதே கோப்பைக் கைபேசியில் வெள்ளைப் பின்னணியில் ஒருமுறை திறந்து பாருங்கள், தெரிந்துவிடும்.

எதுவும் சரிப்படாவிட்டால் வாசித்தே பிரிக்கலாம். மனித உலகத் துண்டுகளில் பாஸ்டியன் ஒளிந்து படிக்கும் பள்ளிப் பரண், மணிக்கூண்டு மணி அடிப்பது, பசி, குளிர், போர்வை இவற்றில் ஏதாவது ஒன்று கட்டாயம் வரும். முதல் பாதியில் இந்தத் துண்டுகள் சிறியவை, அடிக்கடி வருபவை. 13-க்குப் பிறகு அநேகமாக முழுக்கப் பச்சைதான், சிவப்பு திரும்புவது கடைசி அத்தியாயத்தின் இறுதியில். அதனால் உங்கள் குழப்பம் இனிமேல் தானாகவே குறையும்.

கணக்கன்:

இரண்டாம் பாதியை விட்டுடாதீங்க. புத்தகமே அங்கதான் இருக்கு. முதல் பாதி வழக்கமான சாகசக் கதையோட நல்ல வடிவம், அவ்வளவுதான். எண்டே செஞ்ச வித்தியாசமான வேலை 13-லதான் ஆரம்பம். (இதுக்குக் கீழ கதை வெளிப்படும், முதல் பாதி முடிக்காதவங்க தாண்டிப் போயிடுங்க.)

முதல் பாதியில உங்களை இழுத்துட்டுப் போனது 'அடுத்து என்ன ஆகும்'. இரண்டாம் பாதியிலயும் அதையே தேடினா அலுப்புத்தான் மிஞ்சும். இங்க கேள்வி வேற: இந்த விருப்பத்துக்கு இவன் என்ன விலை கொடுத்தான்? பாஸ்டியன் கழுத்துல கிடக்கிற ஆவுரின் பதக்கம் அவன் கேக்கிறதை எல்லாம் நடத்திக் கொடுக்கும். ஒவ்வொண்ணுக்கும் அவனோட சொந்த உலக நினைவு ஒண்ணு கழிஞ்சுடும். சிக்கல் என்னன்னா, இதை எழுத்தாளர் தம்பட்டம் அடிச்சுச் சொல்றதில்லை. அழகா மாறுறான், பிறகு போற போக்குல ஒரு வரி: தான் குண்டா இருந்ததே அவனுக்கு ஞாபகம் இல்லைன்னு. வேகமா படிக்கிறவங்க அந்த வரியைத் தவற விடுவாங்க, விட்டா பையன் காரணமே இல்லாம கெட்டுப்போற மாதிரி தெரியும். உங்க எரிச்சலுக்குப் பாதிக் காரணம் அதுதான். மீதிப் பாதி, அவன் நெஜமாவே எரிச்சலூட்டுறவனா ஆயிடுறான், அதை எழுத்தாளர் வேணும்னேதான் செய்றார்.

ஒரு தாள்ல நடுவுல கோடு போட்டு, இடப்பக்கம் 'கேட்டது', வலப்பக்கம் 'மறந்தது'ன்னு எழுதிட்டு வாங்க. வலப்பக்கம் காலியா இருந்தா ரெண்டு மூணு பக்கம் பின்னாடி போய்த் தேடுங்க. அந்தத் தாளோட கடைசி வரிகள் என்னன்னு மட்டும் சொல்றேன்: எயோலா அம்மாள் வீட்டுல அப்பா அம்மா நினைவு போகுது, மிச்சம் இருக்கிறது பேர் ஒண்ணுதான். யோரோட படச் சுரங்கத்துல அதுவும் போகுது.

23-ஆம் அத்தியாயம், பழைய பேரரசர்களின் நகரம், அதை மட்டும் ரெண்டு தரம் படிங்க. அங்க இருக்கிறவங்க எல்லாம் முன்னாடி வந்த மனுஷங்க, நினைவு முழுசும் செலவாகிப் போனவங்க. விருப்பம் பிறக்கிறதுக்கே நினைவு வேணும், நினைவு தீர்ந்தா விருப்பமும் தீர்ந்துடும், வீடு திரும்பவும் வழியில்லை. எழுத்துக் கட்டையை உருட்டி உருட்டி எப்பவாவது ஒரு கதை விழுமான்னு பார்த்துட்டு உக்கார்ந்திருக்காங்க. மொத்தக் கணக்கும் அந்த நகரத்துலதான் வெளிப்படையா வருது. அது தெரிஞ்சதும் 13-லிருந்து நடந்த ஒவ்வொரு சம்பவமும் ஒரு செலவுச் சீட்டுன்னு புரியும்.

ஓலைக்கணக்கு:

தாள் போடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. முதல் வாசிப்பிலேயே பட்டியல் போட்டால் நாவல் தேர்வுக்குப் படிப்பது போலாகிவிடும். தான் மறந்துகொண்டே வருவது பாஸ்டியனுக்குத் தெரியாது. வாசகருக்கும் கொஞ்சம் மறந்து போவதுதான் நியாயம், பட்டியல் இரண்டாம் வாசிப்புக்கு இருக்கட்டும்.

அதற்குப் பதில் 15-ஆம் அத்தியாயத்தில், சிங்கம் க்ரோக்ராமன் பேசும் இடத்தில், ஒரு அடையாளம் வைத்துக்கொண்டால் போதும். அங்கே இரண்டு விதிகள் சொல்லப்படுகின்றன. பதக்கத்தின் பின்புறம் விருப்பப்படி செய் என்ற பொருளில் எழுதியிருப்பதைப் பையன் 'தோன்றியதையெல்லாம் செய்யலாம்' என்று எடுத்துக்கொள்கிறான், சிங்கம் அப்படியில்லை என்று திருத்துகிறது. உன் மெய்யான விருப்பம் எதுவென்று கண்டுபிடி என்பதுதான் அர்த்தம், அதைவிடக் கடினமான வழி கிடையாது என்கிறது. இரண்டாவது, சிகாண்டா என்ற வாள். அதுவாகக் கைக்குத் தாவி வரும்போது மட்டுமே எடுக்க வேண்டும், பலவந்தமாக உருவக் கூடாது. 22-ஆம் அத்தியாயத்துப் போரில் அவன் எதைச் செய்கிறான் என்று பார்த்துவிட்டு 15-க்குத் திரும்புங்கள். ஏழு அத்தியாய இடைவெளியில் விதி மறந்து போயிருக்கும், அவனுக்கும் நமக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பல அத்தியாயங்களின் முடிவில் ஏதோ ஒரு பாத்திரத்தைப் பாதி வழியில் விட்டுவிட்டு, இது வேறு கதை, பிறகு பார்க்கலாம் என்ற மாதிரி ஒரு வாக்கியம் வரும். முதல் சில தடவை சுவையாக இருக்கும், பிறகு சலிக்கும். அது வெறும் பல்லவி என்று ஒதுக்க வேண்டாம். அந்தப் பாக்கிகளுக்கெல்லாம் 26-ஆம் அத்தியாயத்தில் ஒருவர் பொறுப்பேற்க வேண்டி வருகிறது.

தாள்புரட்டி:

நன்றி. எழுத்துருவை மாற்றியதும் சாய்வெழுத்து வந்துவிட்டது! க்ரோக்ராமன் பகுதியையும் திரும்பப் படித்தேன், அந்தத் திருத்தத்தைச் சுத்தமாகத் தவற விட்டிருக்கிறேன். இன்னொரு சந்தேகம்: கதையில் வரும் டிராகனைச் சிலர் ஃபூகூர் என்கிறார்கள், என் பிரதியில் ஃபால்கோர். திரைப்படம் முதலில் பார்த்துவிட்டால் கெடுதலா? வாசித்துக் காட்டுவது பற்றியும் யாராவது சொல்லுங்கள்.

கதைசொல்லி26:

இரண்டும் ஒரே டிராகன். ஜெர்மனில் ஃபூகூர், ஆங்கிலத்தில் ஃபால்கோர். நாட்டின் பெயரும் அப்படித்தான்: மூலத்தில் ஃபான்டாஸியன், மேன்ஹைமிடம் ஃபண்டாஸ்டிகா, படத்தில் ஃபன்டாஸியா.

1984-ல் வந்த படம் ஏறக்குறைய நாவலின் முதல் பாதியோடு நின்றுவிடுகிறது. எண்டேவுக்கே அந்தப் படம் பிடிக்கவில்லை. முதலில் பார்த்தால் உருவங்கள் மனதில் ஒட்டிக்கொள்ளும், அதுதான் தொல்லை. நாவலின் டிராகனுக்கு நாய் முகம் கிடையாது. சிங்கம் போன்ற தலை, முத்துச்சிப்பி மினுக்கில் செதில்கள், மாணிக்க நிறக் கண்கள். அத்ரேயுவின் தோல் ஆலிவ் பச்சை. பாஸ்டியன் குண்டுப் பையன், இது முக்கியம், ஏனென்றால் அவன் முதலில் இழக்கும் நினைவே அதுதான். படத்து ஒல்லிப் பையனை வைத்துக்கொண்டு படித்தால் அந்த இடம் உறைக்காது.

11 வயதுக்குத் தாராளமாக வாசிக்கலாம். எண்ணிடாத ஒரு முன்பகுதி, பிறகு 26 அத்தியாயங்கள், மொத்தம் சுமார் 400 பக்கம். ஒரு அமர்வுக்கு ஒரு அத்தியாயம் என்று வைத்தால் சராசரி 15 பக்கம், அரை மணிக்குக் குறையாது. எல்லா இரவுக்கும் ஒரே அளவு கணக்கு வைக்காதீர்கள். 3-ஆம் அத்தியாயத்தில் துயரச் சதுப்பில் ஆர்டாக்ஸ் என்ற குதிரை மூழ்குகிறது. நாவலில் அந்தக் குதிரை பேசும், அதனால் படத்தைவிடக் கனம் அதிகம். அதைத் தூங்கும் நேரத்துக்கு முன் வாசிப்பதைவிடப் பகலில் வாசிப்பது நல்லது. 7-இல் உயுலாலாவுக்கு உருவம் இல்லை, குரல் மட்டும், அதுவும் பாட்டாகச் சொன்னால்தான் அவளுக்கு விளங்கும். அந்த வரிகளை முன்கூட்டியே ஒருமுறை வாய்விட்டுப் படித்து வைத்துக்கொள்ளுங்கள், தட்டுத்தடுமாறிப் படித்தால் அத்தியாயமே விழுந்துவிடும். 9-இல் க்மோர்க் என்ற ஓநாய், சூன்யத்தில் விழும் ஃபண்டாஸ்டிகா உயிர்கள் மனித உலகில் பொய்களாகப் போய்ச் சேர்கின்றன என்று விளக்கும். பிள்ளை இங்கே நிறுத்திக் கேள்வி கேட்கும், கேட்கட்டும்.

மூலத்தில் ஒவ்வொரு அத்தியாயமும் A முதல் Z வரை வரிசையாக ஒரு எழுத்தில் தொடங்கும், ரோஸ்விதா குவாட்ஃப்ளீக் வரைந்த முழுப்பக்க எழுத்தோவியத்தோடு. மேன்ஹைம் ஆங்கிலத்திலும் அதைக் காப்பாற்றியிருக்கிறார். பிள்ளையிடம் சொன்னால் அடுத்த எழுத்துக்காகக் காத்திருக்கும். தமிழில் இதைச் செய்ய முடியுமா என்று கணக்குப் போட்டால் வேடிக்கை: 12 உயிரும் சரியாக 12-ஆம் அத்தியாயத்தோடு தீரும், பாஸ்டியன் உள்ளே நுழையும் இடத்தில். மீதி 14-க்கு மெய்வரிசை வேண்டும். நன்னூல்படி சொல்லுக்கு முதலில் வருவது பத்தே பத்து, அதிலும் ங வெறும் பேருக்கு. நான்கு அத்தியாயம் துண்டு விழும். மொழிபெயர்ப்பவர் ட, ர, ல என்று கடன் வாங்கித்தான் ஒப்பேற்ற வேண்டும்.

கடைசி மூன்று அத்தியாயங்களை, 24 முதல் 26 வரை, நடுவில் நாள் விடாமல் அடுத்தடுத்து வாசியுங்கள். எயோலா வீட்டின் இதத்துக்குப் பிறகு சுரங்கம் ரொம்ப மௌனமான அத்தியாயம், இடைவெளி விட்டால் சோர்வாகத் தெரியும். 26-க்கு மட்டும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். வாழ்வின் நீரோடு முடிந்துவிட்டது என்று புத்தகத்தை மூடிவிடாதீர்கள், அதன் பிறகு பரண், அப்பா, புத்தகக் கடைக்காரர் எல்லாம் பாக்கி இருக்கிறது.