என்எல்பி கிளஸ்டருக்கு யூனிகாஸ்டா, மல்டிகாஸ்டா?

கேள்வி:
விஎம்வேரில் வேறுவேறு ஹோஸ்ட்டில் (விஎம் எனும் மெய்நிகர் கணினிகளை ஓட்டும் இயந்திரம்) ஓடும் இரண்டு வெப் சர்வர்களை விண்டோஸ் என்எல்பி-யில் (ஒரே முகவரிக்கு வரும் வேலையைப் பல சர்வர்களுக்குப் பகிர்வது) சேர்த்து, அதன் முறைகளில் ஒன்றான யூனிகாஸ்டிலேயே விட்டிருக்கிறேன். அன்றிலிருந்து ஸ்விட்சில் அந்த வீலேனின் (ஸ்விட்சுக்குள் தனியாகப் பிரித்த நெட்வொர்க்) எல்லா போர்ட் விளக்கும் விடாமல் மின்னுகிறது, பிரிண்டர் போர்ட் உட்பட. நேற்று ஒரு விஎம்மை வேறு ஹோஸ்ட்டுக்கு நகர்த்தியதும் பாதிப் பேருக்குத் தளம் திறக்கவில்லை, ஐந்து நிமிடத்தில் தானாகச் சரியானது. மல்டிகாஸ்டுக்கு மாறலாமா?

பதில் 1:
மாறுங்கள். யூனிகாஸ்டில் எல்லா சர்வருக்கும் 02-இல் தொடங்கும் ஒரே மேக் முகவரி (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்). அதை ஸ்விட்ச் ஒரு போர்ட்டோடு சேர்த்துக் கற்றுக்கொண்டால் மற்ற சர்வருக்கு எதுவும் வராது, அதனால் வெளியே போகும் ஃபிரேமில் (தரவுப் பொட்டலம்) என்எல்பி வேறு மேக்கைப் போட்டு மறைக்கிறது; எந்தப் போர்ட் என்று தெரியாத ஸ்விட்ச் எல்லாவற்றிலும் கொட்டுகிறது. பிரிண்டர் விளக்கு மின்னுவது கோளாறு இல்லை, இந்த முறையே அப்படித்தான். ஆனால் விஎம் நகரும்போது விஎம்வேர் 'இந்த மேக் இங்கே இருக்கிறது' என்று ஸ்விட்சுக்குச் சொல்லிவிடும். அப்புறம் எல்லாம் அந்த ஒரு சர்வருக்கே போகும், அதுவோ தன் பங்கை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவிடும். பல ஸ்விட்சுகளில் மேக் பதிவின் ஆயுள் 300 விநாடி, உங்கள் ஐந்து நிமிடக் கணக்கு அதுதான். யூனிகாஸ்டிலேயே இருப்பதானால் விஎம்வேரின் போர்ட் குரூப்பில் (விஎம்களுக்கான நெட்வொர்க் அமைப்பு) 'நோட்டிஃபை ஸ்விட்சஸ்' என்பதை 'நோ' ஆக்குங்கள்.

பதில் 2:
மாறும் முன் ரௌட்டரைத் தொட அனுமதி வாங்கிவிடுங்கள் நண்பரே. நான் மாற்றிய அன்று என் மேசையில் தளம் திறந்தது, ரௌட்டருக்கு அப்பால் இருக்கும் அடுத்த மாடியில் ஒருவருக்கும் திறக்கவில்லை, காரணம் புரிய ஒரு மதியம் முழுக்கப் போனது. மல்டிகாஸ்டில் கிளஸ்டர் மேக் 03-இல் தொடங்கும்; சாதாரண ஐபி-க்கு மல்டிகாஸ்ட் மேக்கைச் சொல்லும் ஏஆர்பி (ஒரு ஐபி-க்கு எந்த மேக் என்று கேட்டறியும் முறை) பதிலை சிஸ்கோ ரௌட்டர்கள் உட்படப் பலவும் ஏற்பதில்லை. ஏஆர்பி பதிவைக் கையால் போட வேண்டும். அதன் பிறகும் கொட்டுவது நிற்காது, ஸ்விட்சில் அந்த மேக்குக்கான போர்ட்டுகளையும் எழுத வேண்டும். விஎம் நகரக்கூடிய எல்லா ஹோஸ்ட்டின் போர்ட்டையும் சேருங்கள், ஒன்றை விட்டாலும் நேற்றைய கதைதான்.

பதில் 3:
என்எல்பி-யில் ஐஜிஎம்பி மல்டிகாஸ்டைத் (சர்வர்களே தாங்கள் குழுவில் இருப்பதை அறிவிக்கும் முறை) தேர்ந்தெடுத்தால் போர்ட்டுகளைக் கையால் எழுத வேண்டியதில்லை, ஸ்விட்சில் ஐஜிஎம்பி ஸ்னூப்பிங்கும் (அந்த அறிவிப்பைப் பார்த்து போர்ட்டை அறிவது) அந்த வீலேனில் ஒரு குவெரியரும் (அறிவிப்பை அவ்வப்போது கேட்கும் சாதனம்) இருந்தால் போதும். ஏஆர்பி பதிவு மட்டும் அப்போதும் வேண்டும். ரௌட்டர் உங்கள் கையில் இல்லையென்றால் யூனிகாஸ்டே இருக்கட்டும், கிளஸ்டருக்குத் தனி வீலேன் கொடுத்துவிடுங்கள்.

கேட்டவர்:
ரொம்ப நன்றி. ரௌட்டர் வேறு குழுவிடம் இருக்கிறது, ஏஆர்பி பதிவுக்குக் கேட்டிருக்கிறேன். அது வரும்வரை 'நோட்டிஃபை ஸ்விட்சஸ்' நோ, பிரிண்டர்களை இன்றே வேறு வீலேனுக்கு மாற்றுகிறேன்.