துணிச்சரிவா, துணித்தூம்பா?

அனைவருக்கும் வணக்கம். பொறியியல் தமிழ்வழி மாணவர்களுக்குக் கட்டடச் சேவைகள் பாடக்குறிப்பு எழுதுகிறேன். மருத்துவமனைப் பகுதியில் வந்து நிற்கிறேன். மேல்மாடி வார்டில் சுவர்க்கதவைத் திறந்து அழுக்குத் துணி மூட்டையைப் போட்டால், அது நேரே கீழ்த்தளச் சலவைக்கூடத்தில் போய் விழும்படி ஒரு குழல் வைப்பார்களே, லாண்டரி ஷூட், அதற்கு ஒரு சொல் வேண்டும். ‘துணிச்சரிவு’ என்று எழுதியிருந்தேன். “சரிவே இல்லையே, செங்குத்தாகத்தானே இருக்கிறது” என்று ஒரு மாணவி கேட்டாள். கேட்டது சரிதான். திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது.

---

தம்பி, தூம்பு இருக்கும்போது ஏன் தேட வேண்டும்? உள்துளை உள்ளது தூம்பு. மலைபடுகடாமில் யானை மூச்சுவிடுவதுபோல ஒலிக்கும் ஊதுகருவிக்குக் களிற்றுயிர்த் தூம்பு என்று பெயர். ஏரி நீரைச் செங்குத்தாக உள்ளே இறக்கிக் கரைக்கு அடியில் வெளியே விடுவது குமிழித்தூம்பு, புதுக்கோட்டைப் பக்கம் ஏரிகளில் இன்றும் பார்க்கலாம். மேலே நுழைந்து கீழே வெளிவருவதுதானே உங்களுக்கும் வேண்டும்? துணி போட்டால் துணித்தூம்பு, அதேபோல் கழிவை மேலிருந்து போடும் குழலுக்குக் கழிவுத்தூம்பு, இரண்டும் கிடைத்துவிட்டன. தும்பிக்கையும் இதே வேர்தான் என்பது என் துணிபு; துளை, தூம்பு, தும்பி என்று வைத்துப் பாருங்கள். அழுக்கு வண்டி போகும் கீழ்த்தளத் தனிவழிக்குச் சுருங்கை என்று வையுங்கள், சிலப்பதிகார மதுரையில் யானைக் கூட்டமே போன வழி அது.

---

ஐயா, சுருங்கையே குழலைக் குறிக்கும் சிரிங்க்ஸ் என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது என்பவர்கள் உண்டு. அதனால் எனக்கு அது பிடிக்காமல் போகவில்லை. ஆனால் பிறமொழி என்று ஷூட்டைத் தள்ளுகிற அளவுகோல் இதற்கும் பொருந்த வேண்டும் அல்லவா? யாழ்ப்பாணத்தில் நாங்கள் கூரைத் தண்ணீர் ஓடுவதைப் பீலி என்போம். துணிப்பீலி என்று சொல்லலாம் என்று நினைத்தேன், அப்புறம் தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு மயில்தான் நினைவுக்கு வரும் என்று விட்டுவிட்டேன்.

---

நான் மருத்துவமனைப் பராமரிப்பில் இருப்பவன். கழிவுத்தூம்பு என்ற சொல்லைத் தயவுசெய்து பாடத்தில் சேர்க்காதீர்கள். சொல் இருந்தால் பொருளும் இருக்கலாம் என்று மாணவன் வரைபடத்தில் போட்டுவிடுவான். இந்திய அரசின் 2016 விதிகளின்படி மருத்துவக் கழிவை நிறம் பிரித்துப் பையில் கட்டி எடுக்க வேண்டும், ரத்தம் பட்டு ஒதுக்கிய துணி மஞ்சள் பைக்கு, சுத்திகரிக்காமல் 48 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. நாலு மாடி உயரத்திலிருந்து விழும் பை கிழியாதா? துணி மூட்டை விழும்போதும் காற்றைத் தள்ளிக்கொண்டு போகும், அந்தக் காற்று மற்ற மாடிக் கதவுகள் வழியாக வார்டுக்குள் வரும், தீப்பிடித்தால் புகையும் அதே வழியில் ஏறும். அதனால்தான் பலர் மூடிய தள்ளுவண்டி, அழுக்குக்கென்று தனி லிஃப்ட் என்று போகிறார்கள். ஸ்வீடனில் சொலெஃப்டியோ மருத்துவமனையில் 1961 முதல் கழிவைக் காற்றால் உறிஞ்சிக் குழாயில் இழுத்தார்கள், அது வேறு அமைப்பு, அதற்கு வேறு சொல் வேண்டும்.

இன்னொன்று. நான் முன்பு இருந்த ஓரிடத்தில் அந்தக் கதவில் ‘துகிற்புழை’ (துகில் என்றால் துணி, புழை என்றால் துளை) என்று எழுதி ஒட்டினார்கள். துப்புரவு செய்யும் அக்கா வந்து இதில் எதைப் போடுவது என்று கேட்டார். அவருக்குப் புரியாத சொல் அந்தக் கதவில் இருக்கக் கூடாது. ‘அழுக்குத்துணிக் குழாய்’ என்று எழுதுங்கள், போதும்.

---

நான்கு பேர் தனிமடலிலும் குழாய்க்கே சொன்னார்கள். கழிவுத்தூம்பை எடுத்துவிட்டேன், காற்று பற்றிய பத்தியைச் சேர்த்தாயிற்று. ‘அழுக்குத்துணிக் குழாய்’ போகிறது, பக்கத்தில் லாண்டரி ஷூட் என்றும் ஒருமுறை வரும். தூம்பு அடிக்குறிப்பில். அனைவருக்கும் நன்றி.

---

குழாய் என்றால் திறந்தால் தண்ணீர் வர வேண்டும். என் ஓட்டு தூம்புக்குத்தான், அடுத்த பதிப்பிலும் கேட்பேன். 71 டிகிரி வெந்நீரில் 25 நிமிடம் துவைப்பதை ‘வெப்பவழிக் கிருமிநீக்கம்’ என்று எழுதியிருக்கிறீர்களே தம்பி, வெள்ளாவி என்ன ஆயிற்று? அது ஆவி, இது நீர் என்பீர்கள். சரி, அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.