நிரோ ஓடுகிறாளாம்

குழு: அப்பப்பா வீடு

சனி, மாலை 5.40

மாமி: நிரோ, நேற்று நீ பண்ணைப் பாலத்துப் பக்கம் ஓடிக்கொண்டு போனாயாம். மீன் வாங்கப் போன இடத்தில் ஒருவர் சொன்னார். ஏதும் பிரச்சினையோ பிள்ளை? யாரும் துரத்தினவையோ?

நிரோ: ஒருவரும் துரத்தவில்லை மாமி. சும்மா ஓடினேன்.

மாமி: சும்மா யாராவது ஓடுவார்களா?

தீபன்: 😂😂

தீபன்: அம்மா, அது உடற்பயிற்சி. மச்சாள் கொஞ்ச நாளாக ஓடுகிறா. எனக்குத் தெரியும்.

மாமி: உனக்குத் தெரிந்தும் எனக்குச் சொல்லவில்லை. அதைப் பிறகு கதைப்போம். நிரோ, இந்தச் சீனி வருத்தத்தோடு உனக்கு ஓட்டம் தேவையோ? ஊசி போடுகிற பிள்ளை நடுவழியில் மயங்கி விழுந்தால் யார் பார்ப்பது? அதுவும் பண்ணையில், இரண்டு பக்கமும் கடல்.

நிரோ: கிளினிக்கில் கேட்டுவிட்டுத்தான் தொடங்கினேன் மாமி. கண்ணையும் காலையும் சோதித்தார்கள். இரண்டும் நல்லாய் இருக்கு, மெதுவாய்த் தொடங்கு என்று டொக்டர் சொன்னவர்.

பெரியப்பா: நல்ல விஷயம். வாசிம் அக்ரமுக்கு 1997இல் இதே வருத்தம்தான் வந்தது. ஊசி போட்டுக்கொண்டே பந்து வீசினார். ஒருநாள் போட்டியில் 500ஆவது விக்கெட் எடுத்தது 2003 உலகக் கிண்ணத்தில். கணக்குப் பாருங்கோ, வருத்தம் வந்து ஆறு வருடத்துக்குப் பிறகு.

பெரியப்பா: (பலமுறை பகிரப்பட்டது) இன்சுலின் செடியின் இலை இரண்டு, வெறும் வயிற்றில். தினமும் அரை மணி நேரம் ஓட்டம். ஒரே மாதத்தில் ஊசிக்கு விடை கொடுங்கள்! குறைந்தது பத்துப் பேருக்காவது பகிருங்கள்!

சின்னம்மா: அத்தான், அதை அழித்துவிடுங்கோ.

பெரியப்பா: எனக்கு வந்தது. நான் எழுதவில்லை.

சின்னம்மா: வந்ததெல்லாம் இங்கே போடவேண்டுமென்று இல்லை. உங்களுக்கு இருப்பதும் நிரோவுக்கு இருப்பதும் ஒன்றல்ல. உங்கள் உடம்பில் இன்சுலின் சுரக்கிறது, ஆனால் வேலை ஒழுங்காக நடப்பதில்லை. நீங்கள் நடந்து, வயிறும் கொஞ்சம் குறைந்தால் டொக்டர் குளுசையைக் குறைக்கக்கூடும். இவளுக்குக் கணையத்தில் அதைச் சுரக்கிற கலங்களை உடம்பே அழித்துவிட்டது. இங்கேயிருந்து பருத்தித்துறை வரை ஓடினாலும் அவை திரும்பி வராது. ஊசியை நிறுத்தினால் ஓரிரு நாளிலேயே இரத்தத்தில் அமிலம் கூடி உயிருக்கே ஆபத்தாகும். வார்டில் அப்படி வந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

(பெரியப்பா அனுப்பிய செய்தி நீக்கப்பட்டது)

அம்மா: நன்றி சின்னம்மாவுக்கு. வீட்டில் நான் சொன்னால் ஒருவரும் கேட்பதில்லை.

மாமி: அப்போது ஓடி என்ன பிரயோசனம்? ஊசியும் குறையாது, வருத்தமும் போகாது.

நிரோ: அதுதான் மாமி எல்லோரும் கேட்கிறார்கள். வருத்தம் போவதற்காக நான் ஓடவில்லை. மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. எனக்கு இன்னும் முப்பதுகூட ஆகவில்லை. இதயத்துக்கும் இரத்தக் குழாய்க்கும் நல்லது, அதுவும் எங்களைப்போல ஆட்களுக்கு அது கட்டாயம் வேண்டும். அப்புறம், ஓடினால் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. அதற்கும் கிளினிக் துண்டு எழுதித் தரவேண்டுமோ?

தீபன்: 👏

மாமி: சரி சரி. கோபப்படாதே. கோபம் வந்தாலே உனக்குச் சுகர் இறங்கிவிட்டதோ என்றுதான் பார்ப்பேன்.

நிரோ: இப்போது 148. இது சாதாரணக் கோபம்.

கௌசி அக்கா (ரொறன்ரோ): எல்லோருக்கும் காலை வணக்கம். இப்போதுதான் எழும்பினேன், அதற்குள் இவ்வளவா! நிரோ, சூப்பர். என்னோடு வேலை செய்கிற ஒருவருக்கும் உன்னைப்போலத்தான். சுகர் 7க்கும் 10க்கும் இடையில் இருந்தால் அவர் ஓடுவார். 5க்குக் கீழே என்றால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுத்தான் வெளிக்கிடுவார்.

மாமி: 7ஆ?? ஐயோ நல்லூர் முருகா. 70 வந்தாலே இவள் நடுங்குவாள். அந்த மனிசன் எப்படி உயிரோடு இருக்கிறார்?

நிரோ: மாமி, பயப்படாதேங்கோ. கனடாவில் அளவு வேறு. அவர்கள் சொல்வதை 18ஆல் பெருக்கினால் எங்களுடைய கணக்கு வரும். 5 என்றால் 90. 7 என்றால் 126. 10 என்றால் 180.

பெரியப்பா: ஒரே இரத்தத்துக்கு இரண்டு கணக்கா?

கௌசி அக்கா: இன்சுலினை 1921இல் கண்டுபிடித்ததே எங்களுடைய ரொறன்ரோவில்தான் அப்பா. நாங்கள் எந்தக் கணக்கிலும் சொல்லலாம்.

பெரியப்பா: எங்களுடைய ரொறன்ரோவாம். கொக்குவிலில் பிறந்த பிள்ளை கதைக்கிற கதை.

கௌசி அக்கா: 😅 நிரோ, இங்கே புதிதாக ஓடுகிற எல்லோரும் ஒரு திட்டம் வைத்திருப்பார்கள். ஒன்பது வாரம், வாரத்துக்கு மூன்று நாள். முதல் வாரம் ஒரு நிமிடம் ஓட்டம், ஒன்றரை நிமிடம் நடை, அப்படியே இருபது நிமிடம். முடிவில் 5 கிலோமீற்றர். அனுப்பவா?

நிரோ: அதைப் பார்த்தேன் அக்கா. நல்ல திட்டம், ஆனால் அதைப் போட்டவருக்கு என்னுடைய கணையம் இல்லை. நான் ஒரு நிமிடம் ஓடி இரண்டு நிமிடம் நடக்கிறேன். அடுத்த வாரம் கூட்டவேண்டும் என்று கட்டாயம் இல்லை. நல்லாய்ப் போனால் கூட்டுவேன், இல்லாவிட்டால் அதே வாரம் திரும்பவும். தடிமன் காய்ச்சல் வந்தால் சுகர் எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது, அந்த வாரமே இல்லை. ஒன்பது வாரம் எனக்கு இருபது வாரம் ஆகும். ஆகட்டும். யாரும் பரிசு தரப்போவதில்லை.

சின்னம்மா: அதுதான் சரி. ஓடும்போது கதைக்க ஏலுமா என்று பார். ஒரு வசனம் முழுதாகச் சொல்ல முடியாவிட்டால் வேகம் கூடிவிட்டது.

மாமி: தேவாரம் சொல்லிக்கொண்டு ஓடு. மூச்சு முட்டாமல் ஒரு பதிகம் முடிந்தால் வேகம் சரி, புண்ணியமும் சேரும்.

தீபன்: பண்ணையில் தேவாரம் பாடிக்கொண்டு ஓடினால் இந்த முறை உண்மையிலேயே துரத்துவார்கள் அம்மா.

அம்மா: நான் ஒன்று கேட்கட்டுமா, இவள் எனக்கு ஒழுங்காகச் சொல்கிறாள் இல்லை. நேற்று வந்து படியில் இருந்தபடி நாலு ரொபி சாப்பிட்டாள். என்ன நடந்தது?

நிரோ: திரும்பி வரும்போது 64. அவ்வளவுதான் அம்மா. சாப்பிட்டேன், கால் மணி நேரம் இருந்து திரும்பக் குத்திப் பார்த்தேன், 97. பிறகுதான் குளித்தேன்.

அம்மா: அவ்வளவுதானாம்.

நிரோ: சரி, எல்லோரும் இருக்கிறீர்கள், ஒரேயடியாக எழுதிவிடுகிறேன்.

நிரோ: நான் போடுவது காலையும் இரவும் கலவை ஊசி. காலை போட்டது பின்னேரமும் உடம்பில் வேலை செய்துகொண்டிருக்கும். அந்த நேரம் ஓடினால் ஊசியும் இறக்கும், ஓட்டமும் இறக்கும். சோளகக் காற்று வேறு தொடங்கிவிட்டது. பண்ணையில் தீவுப் பக்கம் போகும்போது நெஞ்சில் கைவைத்துத் தள்ளுகிற மாதிரி எதிர்க்காற்று. ஒரு நிமிட ஓட்டத்துக்கு இரண்டு நிமிடத்துச் சக்தி போகிறது. திரும்பும்போது காற்று முதுகில். காலுக்கு லேசாக இருக்கும், நல்லாய் ஓடுகிறேன் என்று நினைப்பு வரும், சுகர் இறங்குவது அந்த நேரத்தில்தான்.

நிரோ: அதில் கஷ்டம் என்னவென்றால், சும்மா இருக்கும்போது சுகர் இறங்கினால் எனக்குத் தெரியும். வியர்க்கும், நெஞ்சு படபடக்கும், கால் சோரும். ஓடும்போது எல்லோருக்கும் வியர்க்கும், எல்லோருக்கும் படபடக்கும், எல்லோருக்கும் கால் சோரும். எது ஓட்டம், எது லோ என்று பிரித்துப் பார்க்க ஏலாது. உதட்டைச் சுற்றி விறைக்கிற மாதிரி இருந்தால் அது லோ. கடைப் பலகையை வாசிக்கிறேன், எழுத்து விளங்கவில்லை என்றால் அது லோ. நேற்று சிவப்பு ஓட்டோவில் எழுதியிருந்த வசனத்தை இரண்டு தரம் வாசித்தும் விளங்கவில்லை. உடனே நின்றுவிட்டேன். பிறகு தெரிந்தது, அது சிங்களம்.

தீபன்: 🤣🤣🤣

நிரோ: சிரி. ஆனால் மெஷினைக் குத்திப் பார்க்க 64தான் இருந்தது. சந்தேகம் வந்தால் நில், குத்திப் பார். மெஷின் இல்லையென்றால் குத்தாமலே சாப்பிடு. அதுதான் என்னுடைய சட்டம்.

சின்னம்மா: சரியான சட்டம். 70க்குக் கீழே என்றால் 15 கிராம் சீனி, அதாவது மூன்று தேக்கரண்டி. 15 நிமிடம் பொறுத்துத் திரும்பப் பார்க்கவேண்டும். சொக்லேட் வேண்டாம், அதில் கொழுப்பு இருப்பதால் ஏறப் பிந்தும். குளுக்கோஸ் தூள், ரொபி, சோடா இதுகள்தான். டயற் சோடா அல்ல!

மாமி: பனங்கட்டி கொண்டு போ. அது இயற்கை, சீனி வருத்தக்காரருக்கு ஒன்றும் செய்யாது.

சின்னம்மா: மச்சாள், பனங்கட்டியும் பெரும்பாலும் சீனிதான். ஒன்றும் செய்யாது என்றால் லோ வரும்போது அதைச் சாப்பிட்டு என்ன பலன்? லோவுக்கு நல்லது, தேத்தண்ணியோடு கடிக்கக் கூடாது. நீங்களும்தான் அத்தான்.

பெரியப்பா: என்னை ஏன் இழுக்கிறீர்கள்.

தீபன்: மச்சாள், பள்ளிக்கூடத்தில் 100 மீற்றர் ஓடினால் சுகர் ஏறுகிறது என்று சொன்னீர்களே. இப்போது இறங்குகிறது என்கிறீர்கள்.

நிரோ: இரண்டும் உண்மை. உயிரைக் கொடுத்து வேகமாக ஓடினால் அதிரினலின் வந்து ஈரலில் இருக்கிற சீனியை வெளியே விடும், ஏறும். மெதுவாக நீண்ட நேரம் ஓடினால் தசை சீனியை எடுக்கும், இறங்கும். அது ஓடும்போது மட்டுமில்லை, ஓடி முடிந்து பல மணி நேரத்துக்கும் எடுத்துக்கொண்டிருக்கும். அதனால்தான் ஓடின அன்று படுக்கும் முன் ஒருமுறை பார்க்கிறேன்.

அம்மா: இரவு இரண்டு மணிக்கு நானும் எழும்பிப் பார்க்கிறேன், மூச்சு வருகிறதோ என்று. அது உனக்குத் தெரியாது.

நிரோ: தெரியும் அம்மா. ரோர்ச் வெளிச்சம் முகத்தில் அடிக்கிறது.

கௌசி அக்கா: ❤️

நிரோ: அதனால் விடியற்காலைக்கு மாற்றப்போகிறேன். எழும்பினதும், ஊசிக்கும் சாப்பாட்டுக்கும் முதல். அந்த நேரம் இறங்குவது குறைவு. டொக்டரும் முயன்று பார் என்றார். வெயிலும் இல்லை. ஓடிவிட்டு வந்து ஊசி, பிறகு புட்டு. ஊசியும் தொடையில் இல்லை, வயிற்றில். தொடையில் போட்டுவிட்டு ஓடினால் மருந்து கெதியாய் இரத்தத்தில் சேர்ந்துவிடும். எழும்பும்போது 250 தாண்டி இருந்தால் அன்று ஓட்டம் இல்லை, கீற்றோன் (சின்னம்மா சொன்ன அந்த அமிலம்) பார்க்கிறது.

அம்மா: விடியற்காலையில் தனியாகவோ? இருட்டில்? நாய்கள் படுத்திருக்கிற ஒழுங்கையிலோ? ஏலாது.

மாமி: நானும் அதைத்தான் சொல்ல வந்தேன். ஆட்கள் என்ன சொல்லுவினம் என்பதுகூட இருக்கட்டும், நாய் பாய்ந்தால்?

நிரோ: தீபன் சைக்கிளில் வரட்டும்.

தீபன்: எத்தனை மணிக்கு?

நிரோ: ஐந்தரை.

தீபன்: 🙃

பெரியப்பா: பண்ணை வேண்டாம். முற்றவெளிக்குப் போங்கோ. அந்த நேரம் நடக்கிற ஆட்கள் நிறைய இருப்பார்கள், கோட்டையின் மதில் காற்றையும் கொஞ்சம் மறைக்கும். நான் சின்ன வயதில் அங்கேதான் ஓடுவேன்.

சின்னம்மா: அத்தான், நீங்கள் ஓடின கதையை இன்றைக்குத்தான் கேட்கிறேன். நிரோ, காற்சட்டைப் பையில் ஒரு சின்ன அட்டை வை: இன்சுலின் எடுப்பவர், தடுமாறினால் சீனி கொடுக்கவும், வீட்டு இலக்கம் இது என்று. மூன்று மொழியிலும் எழுது. தீபன், நீ கவனமாய்க் கேள். விழுங்க முடிந்தால் மட்டும் குளுக்கோஸ் கொடு. மயங்கிவிட்டால் வாயில் ஒன்றையும் ஊற்றாதே, தண்ணீர்கூட வேண்டாம். பக்கவாட்டில் படுக்கவைத்துவிட்டு 1990க்கு எடு. அம்புலன்ஸ் காசில்லாமல் வரும்.

தீபன்: ஓம் சின்னம்மா. பதிந்துவிட்டேன்.

அம்மா: சப்பாத்து? பழைய வெள்ளைச் சப்பாத்தோடுதான் ஓடுகிறாள். பின்பக்கம் தேய்ந்து பாதி போய்விட்டது.

நிரோ: சம்பளம் வந்ததும் வாங்குவேன். அதுவரைக்கும் ஓடிவிட்டு வந்து சொக்ஸைக் கழற்றி உள்ளங்கால், விரலிடுக்கு எல்லாம் பார்க்கிறேன். ஒரு கொப்புளம் வந்தால் அது ஆறும்வரை நடை மட்டும்தான்.

பெரியப்பா: சப்பாத்து என்னுடைய கணக்கில். அளவைச் சொல்லு.

நிரோ: பெரியப்பா 🙏 ஆறு. ஆனால் பின்னேரம் போய் வாங்கவேண்டும், அப்போதுதான் கால் கொஞ்சம் வீங்கி சரியான அளவு தெரியும். பெருவிரலுக்கு முன்னால் ஒரு விரல் அகலம் இடம் இருக்கவேண்டும்.

பெரியப்பா: அப்படியென்றால் எனக்கும் ஒரு சோடி வாங்கலாம்.

சின்னம்மா: முதலில் பிரஷரைப் பார்த்துவிட்டு வாங்குங்கோ.

ஞாயிறு, காலை 5.18

நிரோ: 112. பாதி வாழைப்பழம் சாப்பிட்டேன். குளுக்கோஸ், மெஷின், அட்டை எல்லாம் பையில். தீபன், எழும்பிவிட்டாயா?

நிரோ: தீபன்?

மாமி: அவனை மூன்று தரம் எழுப்பிவிட்டேன், திரும்பிப் படுக்கிறான். நான் வருகிறேன். உன்னோடு ஓடமாட்டேன், ஒரு இடத்தில் நின்று பார்ப்பேன்.

நிரோ: நிற்க வேண்டாம் மாமி, நடவுங்கோ. நான் சுற்றிச் சுற்றி உங்களைத் தாண்டிப் போவேன்.

மாமி: சரி, செருப்போடு நடக்கலாமோ?

நிரோ: நடக்கலாம். ஆனால் சீலை வேண்டாம்.

மாமி: அது கட்டிவிட்டேன். படலையில் நில், வருகிறேன்.