பர்ஜ் செய்த பின்னும் என்ஜின்எக்ஸின் பழைய அமைப்புகள் திரும்ப வருவது ஏன்?

கேள்வி:
வணக்கம். டெபியன் லினக்ஸ் இயங்கும் சர்வர் ஒன்றில் என்ஜின்எக்ஸ் என்ற வலைச் சேவையக மென்பொருளை முற்றிலும் நீக்கிவிட்டுப் புதிதாக நிறுவ விரும்பினேன். ‘ரிமூவ்’ கட்டளை அமைவுக் கோப்புகளை விட்டுவைக்கும் என்பதால், அவற்றையும் சேர்த்து நீக்கும் பர்ஜ் கட்டளையை, முனையத்தில் ‘சூடோ ஆப்ட் பர்ஜ் என்ஜின்எக்ஸ்’ என்று கொடுத்தேன். பிழைச்செய்தி எதுவும் வரவில்லை. ஆனால் மீண்டும் நிறுவியதும் பழைய போர்ட் எண்ணும் தள அமைப்புகளும் அப்படியே இருக்கின்றன. தானாக நிறுவப்பட்ட சில பொதிகள் (மென்பொருள் தொகுப்புகள்) இனித் தேவையில்லை என்றும், ‘ஆட்டோரிமூவ்’ மூலம் அவற்றை நீக்கலாம் என்றும் ஒரு குறிப்பு வந்தது. அதை இயக்குவது பாதுகாப்பானதா? அல்லது அமைவுக் கோப்புகள் இருக்கும் ஈடிசி அடைவுக்குள் இருக்கும் என்ஜின்எக்ஸ் அடைவை நானே அழித்துவிட்டால் போதுமா?

மறுமொழி 1:
பர்ஜ் கட்டளை, நீங்கள் பெயர் குறிப்பிட்ட பொதிக்கு உரிய அமைவுக் கோப்புகளை மட்டுமே அழிக்கும். அந்தப் பொதி சார்ந்திருக்கும் மற்றவற்றைத் தொடாது. டெபியனில் என்ஜின்எக்ஸின் அமைவுக் கோப்புகள் ‘என்ஜின்எக்ஸ்-காமன்’ என்ற சார்புப் பொதிக்கு உரியவை. உங்களுக்கு வந்த குறிப்பில் அந்தப் பெயரும் இருந்திருக்க வேண்டும். ஆகவே பர்ஜ் கட்டளையில் இரண்டு பெயர்களையும் சேர்த்துக் கொடுங்கள். ஒரு கோப்பு எந்தப் பொதிக்கு உரியது என்று அறிய, ஆப்ட் என்ற பொதி மேலாளருக்கு அடித்தளமான ‘டிபிகேஜி’ கட்டளையில் பெரிய எழுத்து ‘எஸ்’ தெரிவை இட்டு, கோப்பின் முழுப் பாதையைக் கொடுத்தால் போதும். நீக்கும் முன் இதைப் பார்த்துவிடுவது நல்ல பழக்கம்.

வெறும் ஆட்டோரிமூவ் கொடுத்தாலும் உங்கள் சிக்கல் தீராது. நிரல் போய்விடும், அமைவுக் கோப்பு தங்கிவிடும். ‘டிபிகேஜி’ பட்டியலில் அத்தகைய பொதியின் வரி ‘ஆர்சி’ என்ற இரண்டு எழுத்துகளோடு தொடங்கும். நிறுவப்பட்டிருப்பவற்றுக்கு ‘ஐஐ’ என்று இருக்கும்.

மறுமொழி 2:
அடைவைக் கையால் அழிக்க வேண்டாம் என்று வலியுறுத்திக் கேட்டுக்கொள்கிறேன். அமைவுக் கோப்பு ஒன்று காணாமற்போயிருந்தால், நிர்வாகி வேண்டுமென்றே அதை நீக்கியிருக்கிறார் என்றே டிபிகேஜி எடுத்துக்கொள்ளும். அந்த முடிவை மதித்து, மீண்டும் நிறுவும்போதும் அதை உருவாக்காது. விளைவாக, நிறுவல் முடிந்த பின்னும் ஈடிசி அடைவில் முதன்மை அமைவுக் கோப்பு இல்லாமல் என்ஜின்எக்ஸ் தொடங்க மறுக்கும். ஏற்கெனவே அழித்துவிட்டிருந்தாலும், முந்தைய மறுமொழியில் சொன்னபடி இரண்டு பொதிகளையும் பர்ஜ் செய்தால் பழைய பதிவு நீங்கிவிடும். அடுத்த நிறுவலில் எல்லாக் கோப்புகளும் புதிதாக வரும்.

மறுமொழி 3:
ஆட்டோரிமூவ் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வேறொரு பொதிக்காகத் தானாக நிறுவப்பட்டு, இப்போது எந்தப் பொதிக்கும் தேவைப்படாதவற்றைத்தான் அது நீக்கும். ஆகவே பெரும்பாலும் பாதுகாப்பானதே. ஆயினும் மூலநிரலிலிருந்து நீங்களே தொகுத்து நிறுவிய மென்பொருள்களை ஆப்ட் அறியாது. அவற்றுக்குத் தேவையான நிரலகம் (லைப்ரரி) ஒன்றை, யாருக்கும் தேவையில்லாதது என்று கருதி நீக்கிவிடக்கூடும். அத்தகைய நிரலகங்களை முன்கூட்டியே ‘ஆப்ட்-மார்க் மேனுவல்’ என்று குறித்துவையுங்கள். நீக்கப்போகும் பட்டியலை முழுதாகப் படிக்காமல் ஒப்புதல் கொடுக்காதீர்கள். ஆட்டோரிமூவ் கட்டளையில் சிறிய எழுத்து ‘எஸ்’ தெரிவைச் சேர்த்தால், எதையும் தொடாமல் ஒத்திகை மட்டும் நடக்கும்.

தரவுத்தளப் பொதிகளில் இன்னும் கவனம் வேண்டும். அவற்றில் சில, பர்ஜ் செய்யும்போது தரவையும் சேர்த்து அழிக்கவா என்று கேட்கும். எந்தப் பொதி எப்போது நீங்கியது என்ற விவரம் வார்-லாக்-ஆப்ட் அடைவின் ஹிஸ்டரி கோப்பில் பதிவாகியிருக்கும். தவறாகப் போன பொதியை அதைப் பார்த்து மீண்டும் நிறுவலாம், அழிந்த தரவை அப்படி மீட்க முடியாது.